ஆத்தங்குடித் தரையில் சம்மணமிட்டால் கால் மரத்துப்போவது ஏன்?

செட்டிநாட்டு விசேஷ வீட்டுப் பந்தியில் அரைமணி நேரம் உட்கார்ந்து எழுந்தால் பாதம் மரத்துவிடுகிறதே, ரத்தம் நின்றுபோவதாலா என்று கேட்டிருக்கிறீர்கள். காலின் ரத்த ஓட்டம் நிற்பதில்லை; நசுங்குவது நரம்பு.

முழங்காலின் வெளிப்பக்கம், சற்றுக் கீழே விரலால் தடவுங்கள். ஒரு எலும்பு முண்டு தட்டுப்படும். கீழ்க்காலின் மெல்லிய வெளியெலும்பின் தலை அது. அதன் கழுத்தைச் சுற்றிக்கொண்டு ஒரு நரம்பு முன்புறம் வருகிறது. அங்கே அதற்குக் காப்பு தோலும் கொஞ்சம் கொழுப்பும்தான். சம்மணத்தில் அந்த இடம் தரையிலோ மறுகாலிலோ அழுந்துகிறது. நரம்புக்குள் ஓடும் நுண்ணிய ரத்தக்குழாய்களும் சேர்ந்து மூடிக்கொள்வதால் செய்தி கடத்துவது தடைபடுகிறது. காலை நீட்டியதும் நரம்பு தாறுமாறாகச் செய்தி அனுப்பும். ஊசி குத்துவது போலிருப்பது அதுதான்.

கூடவே வரும் இடுப்பு வலிக்குக் காரணம் வேறு. நிமிர்ந்து நடந்த முன்னோரிடமிருந்து நமக்கு வந்தது கீழ்முதுகின் உள்வளைவு. சிம்பன்சியின் கீழ்முதுகு ஏறக்குறைய நேரானது. தரையில் உட்கார்ந்தால் இடுப்பெலும்பு பின்னால் சாய்ந்து அந்த வளைவு தட்டையாகிறது. பின்புறத்துக்கு மட்டும் 2 அங்குல உயரத்தில் மணையோ மடித்த துண்டோ போடுங்கள். முழங்கால் தாழ்ந்து முதுகு நிமிரும்.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மேல்காலைக் கீழே மாற்றுங்கள். மரத்த காலோடு உடனே நடந்தால் கணுக்கால் பிசகும். சில நிமிடங்களில் உணர்வு திரும்பாமல், பாதத்தின் முன்பகுதியைத் தூக்க முடியாமல் இழுபட்டால் நரம்பு மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை உள்ளவர்கள் தாமதிக்கவே கூடாது.