கணினிக் கேள்வி பதில்: கோட்டுப் படம் ஆவணத்துக்குள் போகும்போது

காவடி அழைப்பிதழ், சங்கக் கடிதத் தலைப்பு, பள்ளி வினாத்தாள் என்று இம்முறை வந்த கடிதங்கள் பலவகை. பிரச்சினை ஒன்றுதான்: வரையும் மென்பொருளில் நன்றாக இருந்த படம், வேர்டுக்குப் போனதும் கெட்டுப்போகிறது.

எங்கள் கோவிலின் வேல் சின்னத்தை இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளில் வரைந்து வைத்திருக்கிறோம். திரையில் ஓரங்கள் கூர்மையாக இருக்கின்றன. வேர்டில் ஒட்டி அச்சிட்டால் மங்குகிறது. சுவரொட்டிக்காகப் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. ஏன்?
— வாசகி, ரோஸ் ஹில்

நீங்கள் வரைந்தது வெக்டர் படம், அதாவது எவ்வளவு பெரிதாக்கினாலும் கூர்மை குறையாத கோட்டுப் படம். வேர்டில் இருப்பது பெரும்பாலும் அதன் புள்ளிப் படம், அதாவது நிறப் புள்ளிகளின் கட்டம். இங்க்ஸ்கேப்பில் நகலெடுக்கும்போது கிளிப்போர்டுக்கு ஒரே படம் பல வடிவங்களில் போகிறது. அவற்றில் எதை எடுப்பது என்று வேர்டே முடிவு செய்கிறது. அது பி.என்.ஜி. என்ற புள்ளிப் பட வகையை எடுத்துக்கொண்டால் கோடுகள் அங்கேயே போய்விட்டன. அதற்கு மேல், கோப்பைச் சேமிக்கும்போது புள்ளிப் படங்களை அங்குலத்துக்கு 220 புள்ளியாகச் சுருக்குவது வேர்டின் வழக்கமான அமைப்பு. 30 மி.மீ. அகலச் சின்னம் என்றால் மிஞ்சுவது சுமார் 260 புள்ளி. அதையே 180 மி.மீ.க்கு இழுத்தால் அங்குலத்துக்கு 37 புள்ளிதான். கட்டம் தெரியாமல் என்ன செய்யும்?

ஆகவே ஒட்டாதீர்கள், செருகுங்கள். இங்க்ஸ்கேப்பில் சின்னத்தைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல்+ஷிஃப்ட்+ஆர் அழுத்தினால் பக்கம் சின்னத்தின் அளவுக்குச் சுருங்கும். இதை விட்டுவிட்டால் ஏ4 பக்கத்தின் வெற்றிடம் முழுவதும் படத்தோடு வேர்டுக்குள் வந்து இடத்தை அடைக்கும். பிறகு சேவ் அஸ் போய் 'பிளெயின் எஸ்.வி.ஜி.' என்ற கோட்டுப் பட வகையில் சேமியுங்கள். வேர்டில் இன்சர்ட், பிக்சர்ஸ் வழியாக அந்தக் கோப்பைச் செருகுங்கள்.

இது வேர்டு 2019, அதற்குப் பிந்தைய பதிப்புகள், சந்தா முறையில் வரும் மைக்ரோசாஃப்ட் 365 ஆகியவற்றில் நடக்கும். எஸ்.வி.ஜி.யைச் செருகும்போது வேர்டு கூடவே ஒரு பி.என்.ஜி. நகலையும் கோப்புக்குள் வைக்கிறது. பழைய வேர்டில் திறப்பவருக்கு அந்த நகல்தான் தெரியும். உங்கள் வீட்டில் கூர்மையாகவும் கோவில் அலுவலகத்தில் மங்கலாகவும் தெரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கோவில் கணினியில் பழைய பதிப்புதான் என்றால் இ.எம்.எஃப். என்ற விண்டோஸ் கோட்டுப் பட வகையில் சேமியுங்கள். அதைவிடப் பழைய டபிள்யூ.எம்.எஃப். வேண்டாம். வட்டம், வில் போன்றவை தவிர, விரும்பியபடி வளையும் கோடு (பெசியர் வளைவு) அதில் கிடையாது. வேலின் இலை வடிவம் சின்னச் சின்ன நேர்கோடுகளாக உடைந்துவிடும். அச்சகங்களில் வழங்கும் இ.பி.எஸ். வகையும் உதவாது. பாதுகாப்புக் காரணத்தால் 2017 ஏப்ரலில் வந்த புதுப்பிப்போடு ஆஃபிஸில் அதைச் செருகும் வசதி அடைக்கப்பட்டது.

இ.எம்.எஃப்.புக்கும் எல்லை உண்டு. இங்க்ஸ்கேப் எழுதும் இ.எம்.எஃப்.பில் பாதி ஊடுருவும் நிறம் நிற்காது. 40 விழுக்காடு மஞ்சள் வெறும் மஞ்சளாகிவிடும். ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்கு மெல்ல மாறும் இடம் பட்டை பட்டையாக வரலாம். நிழல், மங்கல் போன்ற ஃபில்டர்களை நம்பவே கூடாது. அவை எஸ்.வி.ஜி.யாகப் போனாலும் வேர்டில் சரியாக வராது. கோவில் சின்னத்துக்கு நிழல் தேவையில்லை என்பது என் கருத்து. தட்டையான இரண்டு அல்லது மூன்று நிறங்களில் இருக்கும் சின்னம் எந்த மென்பொருளுக்குள் போனாலும் பிழைத்துக்கொள்ளும், நகலெடுக்கும் இயந்திரத்திலும் தெளிவாக விழும். நிழல் இருந்தே தீர வேண்டும் என்றால் அந்த நிழலை மட்டும் 300 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) பி.என்.ஜி.யாக எடுத்து, கோட்டுச் சின்னத்துக்குப் பின்னால் வையுங்கள்.

கடைசியாக ஒரு சோதனை. வேர்டிலிருந்து பி.டி.எஃப். எடுத்து 800 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். ஓரம் கூர்மையாக இருந்தால் அச்சகத்துக்கு அனுப்பலாம். ஓரம் படிக்கட்டுபோல் தெரிந்தால் எங்கோ புள்ளிப் படமாகிவிட்டது, மறுபடி செருகுங்கள்.

படத்தை பி.டி.எஃப். ஆக்கி வேறு மென்பொருளில் திறந்தால் உள்ளே எழுதிய தமிழ் மட்டும் கலைந்துவிடுகிறது. 'கொடியேற்றம்' என்று எழுதினால் கொம்பு ஓரிடத்திலும் கால் ஓரிடத்திலுமாக நிற்கிறது. சில நேரம் நடுவே புள்ளி வட்டம் வருகிறது. பக்கத்தில் இருக்கும் பிரெஞ்சு வரி நன்றாகவே இருக்கிறது, ஐயா.
— தமிழாசிரியர், போர்ட் லூயி

இது நம் எழுத்துக்கே உரிய சிக்கல். 'கொ' என்பதை நாம் ககரம், ஒகரக் குறி என்ற வரிசையில் தட்டச்சு செய்கிறோம். திரையில் வருவதோ ஒற்றைக் கொம்பு, ககரம், துணைக்கால் என்ற வரிசை. இந்த மாற்றத்தை எழுத்துருவும் மென்பொருளும் சேர்ந்து செய்கின்றன. பி.டி.எஃப்.புக்குள் போவது பெரும்பாலும் மாற்றியபின் வந்த வடிவங்களின் வரிசை. அதை இன்னொரு மென்பொருள் திருத்தக்கூடிய எழுத்தாகத் திறக்கும்போது, கொம்பு முதலில் வந்து நிற்கிறது. தனக்கு முன்னால் மெய் இல்லாத கொம்பைக் கண்டதும் மென்பொருள் புள்ளி வட்டம் போடுகிறது. பிரெஞ்சில் எழுத்து இடம் மாறுவதில்லை. அதனால் அந்த வரிக்கு ஒன்றும் ஆவதில்லை.

எஸ்.வி.ஜி.யில் வரிசை கெடாது. ஆனால் எழுத்துரு கோப்போடு போவதில்லை. நீங்கள் நோட்டோ சான்ஸ் தமிழில் அமைத்ததைப் பெறுபவரின் கணினி லதாவிலோ நிர்மலாவிலோ காட்டும். அகலம் மாறும், வரி பெட்டியை விட்டு வெளியே ஓடும்.

இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: எழுத்தைக் கோடாக மாற்றுவது. இங்க்ஸ்கேப்பில் கண்ட்ரோல்+ஆல்ட்+ஏ அழுத்தி எல்லா அடுக்குகளிலும் உள்ளவற்றைத் தேர்ந்தெடுங்கள். பூட்டிய அடுக்கு, மறைத்த அடுக்கு இருந்தால் முதலில் திறந்துவிடுங்கள். அவை தேர்வில் சேராது. பிறகு ஷிஃப்ட்+கண்ட்ரோல்+சி, அதாவது 'ஆப்ஜெக்ட் டு பாத்'. வரையும் மென்பொருளான கோரல்டிராவில் இதே வேலைக்குக் கண்ட்ரோல்+கியூ. இல்லஸ்ட்ரேட்டரில் ஷிஃப்ட்+கண்ட்ரோல்+ஓ.

மாற்றியபின் அது எழுத்தே இல்லை. தேட முடியாது, பிழை திருத்த முடியாது, பார்வையற்றோர் பயன்படுத்தும் வாசிப்பான் அதைப் படிக்காது. ஆகவே ஒற்றுப்பிழை, றகர ரகரப் பிழை எல்லாவற்றையும் மாற்றுவதற்கு முன்பே ஒருவரிடம் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். மாற்றுவதையும் நகலில் மட்டும் செய்யுங்கள். மூலக் கோப்பு எழுத்தாகவே இருக்கட்டும். கோப்புப் பெயரில் 'மூலம்', 'அச்சு' என்று சேர்த்துவிட்டால் குழப்பம் வராது. அடுத்த ஆண்டு தேதியை மாற்ற வேண்டியபோது மூலம் கையில் இல்லையென்றால் முழு அழைப்பிதழையும் புதிதாக அடிக்க வேண்டியிருக்கும். தலைப்பு, படத்தில் உள்ள குறிப்புச் சொற்கள் போன்றவற்றை மட்டும் கோடாக்குங்கள். நிகழ்ச்சி நிரல் போன்ற நீண்ட பகுதி வேர்டிலேயே யூனிகோடு எழுத்தாக இருப்பதே நல்லது.

இங்க்ஸ்கேப்பின் 1.0க்கு முந்தைய பதிப்புகளில் பெட்டிக்குள் ஓடவிட்ட பத்தி, வேறு மென்பொருளில் கறுப்புக் கட்டமாகத் தெரியும். அதற்கும் இதே மருந்துதான்.

நம் மொரீஷியஸ் தீவில் கூடுதலாக ஒரு தொல்லை. தமிழும் பிரெஞ்சும் ஒரே தாளில் வரும். பழைய 8-பிட் தமிழ் எழுத்துருக்களில் அச்சடித்த கோப்புகள் இன்னும் பல சங்கங்களில் இருக்கின்றன. தகுதரம் (டிஸ்கி) போன்ற பழைய தமிழ்க் குறியேற்றத்தில் தமிழ் எழுத்துகள் குடியிருக்கும் மேல் 128 இடங்களில்தான் பிரெஞ்சின் மேற்குறி எழுத்துகளும் இருக்கின்றன. முழு வரிக்கும் அந்த எழுத்துருவைப் போட்டால் பிரெஞ்சுச் சொல்லின் நடுவே ஒரு தமிழ் எழுத்து முளைக்கும். பாமினி வகையோ ஆங்கில எழுத்துகளின் இடத்தையே எடுத்துக்கொள்கிறது. எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ரோமன் எழுத்துகள்தான் மிஞ்சும். இத்தகைய கோப்பை அப்படியே மாற்ற முயலாதீர்கள். தமிழ்ப் பகுதியை மட்டும் எடுத்து யூனிகோடுக்கு மாற்றி, ஒருமுறை கண்ணால் சரிபார்த்து, பிறகு படத்தில் இடுங்கள்.

அச்சகத்தில் கொடுத்த சின்னம் ஏ.ஐ. (இல்லஸ்ட்ரேட்டர்) கோப்பாகவும் சி.டி.ஆர். (கோரல்டிரா) கோப்பாகவும் இருக்கிறது. எங்களிடம் அந்த மென்பொருள்கள் இல்லை. வாங்கத்தான் வேண்டுமா?
— வாசகர், திரியோலே

வேண்டாம். ஏ.ஐ. கோப்புக்குள் வழக்கமாக ஒரு பி.டி.எஃப். இருக்கும், இங்க்ஸ்கேப் அதை நேராகத் திறக்கும். திறந்ததும் சின்னத்துக்குப் பதில் ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கைப் பத்தி மட்டும் வந்தால், பி.டி.எஃப். சேர்க்காமல் சேமித்திருக்கிறார்கள் என்று பொருள். அந்தத் தேர்வோடு மறுபடி சேமித்துத் தரச் சொல்லுங்கள். சி.டி.ஆர். கோப்பை லிப்ரே ஆஃபிஸ் டிராவில் திறந்து பாருங்கள். நிறமும் வடிவமும் பொதுவாக வந்துவிடும், எழுத்துதான் சந்தேகம். அச்சகத்திடம் கேட்கும்போதே 'எழுத்தைக் கோடாக்கிய பி.டி.எஃப்.' என்று கேட்டு வாங்கிவிட்டால் இந்தச் சுற்று வேண்டியதில்லை.

வேர்டில் வரைந்த வரைபடங்களையும் பவர்பாயிண்ட் விளக்கப் படங்களையும் இங்க்ஸ்கேப்புக்குக் கொண்டுபோய்த் திருத்த வேண்டும். திரையைப் படம் பிடித்தால் தரம் போகிறது.
— பாட நூல் தயாரிப்பவர், கியூர்பீப்

பவர்பாயிண்ட் 2019 அல்லது 365 இருந்தால் எளிது. படத்தின்மேல் வலது சொடுக்கி 'சேவ் அஸ் பிக்சர்' போய் எஸ்.வி.ஜி.யைத் தேர்ந்தெடுங்கள். வேர்டில் வரைந்ததைப் பவர்பாயிண்டில் ஒட்டி அங்கிருந்து எடுக்கலாம்.

இல்லையென்றால் பி.டி.எஃப். வழி. ஆவணத்தை பி.டி.எஃப். ஆகச் சேமித்து இங்க்ஸ்கேப்பில் திறந்தால் ஒரு பெட்டி வரும். அதில் எந்தப் பக்கம் என்று சொல்லுங்கள். தமிழ் எழுத்து இருந்தால் 'பாப்லர்/கெய்ரோ' என்ற இறக்குமதி முறையைத் தேர்ந்தெடுங்கள். அது எழுத்துகளை வடிவங்களாகவே வரைந்துவிடுவதால் முந்தைய பதிலில் சொன்ன கொம்புக் குழப்பம் வராது. எழுத்தைத் திருத்த முடியாது என்பது அதன் விலை. திருத்த வேண்டிய சொல்லை அழித்துவிட்டு அந்த இடத்தில் புதிதாக அடித்துவிடுங்கள். இதுதான் வேகமான வழி.

திறந்தபின் படம் எதற்கும் அசையாததுபோல் இருக்கும். ஒவ்வொரு வடிவமும் குழுவுக்குள் குழுவாகவும், படத்தின் ஒரு பகுதியை மட்டும் காட்டும் சட்டமான கிளிப்புக்குள்ளும் அடைபட்டிருப்பதே காரணம். கண்ட்ரோல்+ஷிஃப்ட்+ஜி அழுத்திக் குழுவைப் பிரியுங்கள். பிறகு ஆப்ஜெக்ட், கிளிப், ரிலீஸ். கிளிப்பாக இருந்த செவ்வகங்கள் வெளியே வந்து விழும். அவற்றை அழித்துவிடுங்கள்.

எதிர்த்திசையில், எஸ்.வி.ஜி.யின் ஒரு பகுதியின் நிறத்தை வேர்டிலேயே மாற்ற 'கன்வெர்ட் டு ஷேப்' இருக்கிறது. லிப்ரே ஆஃபிஸ் டிராவில் அதற்கு 'பிரேக்'. நான்கைந்து வடிவங்கள் உள்ள எளிய படத்துக்கு இவை போதும். நுணுக்கமான படத்தை உடைத்தால் நிறமாற்றம் கெடும், ஆவணமும் கனத்துவிடும்.

கையால் வரைந்த பழைய முத்திரை ஒன்று காகிதத்தில் மட்டும் இருக்கிறது. கிம்ப்பில் திறந்து எஸ்.வி.ஜி.யாக்க முடியுமா?
— வாசகி, மாயேபூர்

கிம்ப் புள்ளிகளைக் கையாளும் மென்பொருள். எஸ்.வி.ஜி.யைக் கொடுத்தாலும் அகலம், உயரம், டி.பி.ஐ. கேட்டுப் புள்ளிப் படமாக்கித்தான் திறக்கும். பாதைகளையும் இறக்குமதி செய் என்ற தேர்வைக் குறியிட்டால் கோடுகள் தனியாகப் பாத்ஸ் பெட்டிக்கு வரும், நிறம் வராது. ஆகவே சுத்தம் செய்ய கிம்ப், கோடாக்க இங்க்ஸ்கேப்.

முத்திரையை 600 டி.பி.ஐ.யில் சாம்பல் நிறமாக ஸ்கேன் செய்யுங்கள். கிம்ப்பில் கலர்ஸ், த்ரெஷோல்ட் போய்க் காகிதத்தின் மஞ்சள் மறையும்வரை நகர்த்துங்கள். மெல்லிய கோடுகள் அறுந்தால் சற்றுப் பின்வாங்குங்கள். கறைகளை வெள்ளைத் தூரிகையால் அழித்து பி.என்.ஜி.யாக ஏற்றுமதி செய்யுங்கள்.

அதை இங்க்ஸ்கேப்பில் கொண்டுவந்து பாத், ட்ரேஸ் பிட்மேப். ஒற்றை ஸ்கேன், பிரைட்னஸ் கட்ஆஃப் என்ற தொடக்க அமைப்பே கறுப்பு வெள்ளைக்குச் சரி. 'ஸ்பெக்கிள்ஸ்' அளவைக் கூட்டினால் தூசிப் புள்ளிகள் போகும். ஆனால் தமிழ் மெய்யின் புள்ளியும் தூசியோடு போய்விடக்கூடும், கவனியுங்கள். 'ஸ்மூத் கார்னர்ஸ்' தொடக்கத்தில் 1.00 இருக்கும். வேலின் முனை, தாமரை இதழின் நுனி மழுங்கினால் 0.5க்குக் குறைத்துப் பாருங்கள். முடிந்ததும் மேலே உள்ள கோட்டுப் படத்தை நகர்த்தி, அடியில் இருக்கும் ஸ்கேனை அழித்துவிடுங்கள். இதை மறந்தால் கோப்பு தேவையின்றிப் பெருத்திருக்கும். முத்திரையைச் சுற்றியுள்ள எழுத்துகளை மட்டும் ட்ரேஸ் செய்யாமல், நெருக்கமான எழுத்துருவில் புதிதாக அடித்து வட்டத்தில் ஓடவிடுவதே என் பரிந்துரை. சிறிய எழுத்து ட்ரேஸில் ஒருபோதும் நன்றாக வருவதில்லை.

இல்லஸ்ட்ரேட்டரிலிருந்து 100 மி.மீ. என்று அனுப்பிய எஸ்.வி.ஜி. சின்னம் இங்க்ஸ்கேப்பில் 75 மி.மீ. ஆக வருகிறது.
— வாசகர், ரோஸ் ஹில்

இல்லஸ்ட்ரேட்டரின் எஸ்.வி.ஜி.யில் அங்குலத்துக்கு 72 அலகு, இங்க்ஸ்கேப்பில் 96. விகிதம் சரியாக 75 விழுக்காடு. பூட்டுக் குறியை அழுத்தி அகலம் உயரம் இரண்டையும் இணைத்து, அகலத்தில் 100 மி.மீ. என்று எழுதுங்கள். 0.92க்கு முந்தைய இங்க்ஸ்கேப் கோப்பு என்றால் அங்கே 90 அலகு. திறக்கும்போதே மென்பொருள் கேட்கும், உண்மையான அளவு காக்கப்பட வேண்டும் என்ற பதிலைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு நிலையிலும் அளவை மாற்றும்முன் கோட்டுத் தடிமனும் சேர்ந்து மாறும் பொத்தான் மேல்பட்டையில் அழுந்தியிருக்கிறதா என்று பாருங்கள். அழுந்தவில்லை என்றால் படம் பெரிதாகும், கோடு மட்டும் மெலிந்து நிற்கும்.