கொட்டலாமா?

கேள்வி: ஸ்காட்லாந்தில் கடல் எண்ணெய் மேடை கட்டும் யார்டுகள் ஆர்டர் இல்லாமல் காய்கின்றன, அரசு கைகொடுக்க வேண்டும் என்று அங்கே இருக்கும் என் மகன் சொல்கிறான். ஆர்டரே இல்லாத இடத்தில் வரிப்பணத்தைக் கொட்டலாமா?
– ஒரு வாசகி, நாகப்பட்டினம்

பதில்: 'கொட்டலாமா' என்று கேட்டீர்களே அம்மா, அந்தச் சொல்லிலேயே நின்றுவிட்டேன். நம் மொழியில் மழை கொட்டும், மேளம் கொட்டும், தேளும் கொட்டும். கான்கிரீட்டையும் கொட்டுகிறோம். 1970களில் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் போர்ட்டவாடி என்ற இடத்தில் பிரிட்டிஷ் அரசு பணத்தைக் கொட்டியது. எண்ணெய் மேடைக்கான கான்கிரீட்டைத்தான் அங்கே கடைசிவரை யாரும் கொட்டவில்லை.

வட கடலில் எண்ணெய் கிடைத்த புதிது. இனி கான்கிரீட் மேடைகளுக்குத்தான் காலம் என்று நினைத்தார்கள். அவற்றைக் கட்ட ஆழமான, காற்று மறைவான தண்ணீர் வேண்டும், அது மேற்குக் கரையில் இருந்தது. வயிற்றில் பிள்ளை தங்குமுன்பே தொட்டில் கட்டியது போல, ஆர்டர் வருமுன்பே ஒரு பெரும் பள்ளத்தைத் தோண்டினார்கள், பக்கத்திலேயே சுமார் 500 தொழிலாளர்கள் தங்க பால்ஃபெயில் என்று ஒரு குடியிருப்பையும் கட்டி முடித்தார்கள். எண்ணெய்க் கம்பெனிகள் இரும்பு மேடைகள் பக்கம் சாய்ந்துவிட்டன. ஒரே ஒரு ஆர்டர்கூட வரவில்லை, அந்த வீடுகளில் ஒரு தொழிலாளியும் குடியேறவில்லை. 2009இல் ஓவியர்கள் வந்து பாழடைந்த சுவர்களில் படம் வரைந்துவிட்டுப் போனார்கள். 2016இல் இடித்துவிட்டார்கள்.

சரி, அப்படியானால் அரசு கையைக் கட்டிக்கொண்டு நிற்கலாமா என்றால், அப்படிச் சொல்பவர்களோடுதான் எனக்குப் பல வருடச் சண்டை. சந்தை பார்த்துக்கொள்ளும் என்பார்கள். ஒரு வெல்டர் பக்கத்தில் அரை நாள் நின்று பார்த்திருந்தால் அப்படிப் பேச மாட்டார்கள். துவாக்குடியில் ஒரு பட்டறையில், குழாய் வெல்டர்களுக்கு வைக்கும் 6ஜி என்ற தகுதிச் சோதனையைப் பார்த்தேன். குழாயை 45 டிகிரி சாய்த்துப் பூட்டிவிடுகிறார்கள். குழாயைத் திருப்பக் கூடாது, ஆள்தான் அதைச் சுற்றி வளைய வேண்டும். அந்தத் தம்பி ஏறக்குறையப் படுத்தபடி கழுத்தை ஒடித்துக்கொண்டு அடிப்பக்கம் பற்றவைத்தார், சட்டை முழுக்கத் தீப்பொறி ஓட்டை. அப்புறம் அந்த இணைப்பை எக்ஸ்ரே எடுத்தார்கள். இப்படி வாங்கிய தகுதி, ஆறு மாதம் அந்த முறையில் வெல்டிங் செய்யாமல் இருந்தால் காலாவதியாகிவிடும். ஆர்டர் இல்லாத யார்டில் முதலில் போவது இதுதான். ஐந்து வருடம் கழித்து ஆர்டர் வந்தால் கிரேன் இருக்கும், கை இருக்காது.

உங்கள் மகன் சொல்வது பைஃபேப் என்ற கம்பெனியின் கதை மாதிரி இருக்கலாம். ஃபைஃப் பகுதியில் பர்ன்டிஸ்லண்ட், மெத்தில், லூயிஸ் தீவில் ஆர்னிஷ் என்று மூன்று யார்டுகள். எண்ணெய் வேலை வற்றியதும் கடல் காற்றாலைகளைத் தாங்கும் இரும்புக் கால்கள் செய்யத் தொடங்கினார்கள். 2017இல் கம்பெனி மூழ்கும் நிலை வந்தபோது, சம்பளம் வருமா என்று தெரியாமலேயே தொழிலாளர்கள் வேலையை விடாமல் எடின்பரோவில் ஊர்வலம் போனார்கள். ஸ்காட்லாந்து அரசு பணம் போட்டுப் பங்குதாரரும் ஆனது. ஆனால் ஆர்டருக்கு வழி செய்யவில்லை. ஃபைஃபுக்குச் சற்று வடக்கே அதே கடலில் எழுந்த சீகிரீன் காற்றாலைக்கு 114 இரும்புக் கால்கள் தேவைப்பட்டன. அவை சீனாவிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் செய்யப்பட்டு உலகைச் சுற்றிக்கொண்டு வந்தன. 2020 முடிவில் பைஃபேப் திவாலானது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

அதே 2020இல் நார்வே வேறு மாதிரி யோசித்தது. கொரோனாவில் எண்ணெய் விலை விழுந்ததும், 2022 முடிவதற்குள் கடலில் புதிய எண்ணெய் வயல்களுக்குத் திட்டம் கொடுக்கும் கம்பெனிகளுக்கு வரிச்சலுகை என்று நாடாளுமன்றம் அறிவித்தது. கம்பெனிகள் முண்டியடித்துத் திட்டங்களோடு வந்தன, யார்டுகளுக்கு ஆர்டர் வந்தது. சலுகையில் பெரும் பங்கு எண்ணெய்க் கம்பெனிகளுக்கே போனது என்பது உண்மை, அந்தக் குறையை நான் மறைக்கவில்லை. ஆனாலும் வெல்டரின் கையில் வேலை இருந்தது.

ஆகவே கொட்ட வேண்டாம் அம்மா. கடலைக் குத்தகைக்கு விடும் நாளிலேயே, இத்தனை கால்கள் இந்த யார்டில்தான் செய்யப்படும் என்று அரசு எழுதி வாங்கட்டும். மகன் என்ன வேலை செய்கிறார் என்று நீங்கள் சொல்லவில்லையே. வெல்டர் என்றால், கடைசியாக வெல்டிங் பிடித்து எத்தனை மாதம் ஆகிறது என்று கேட்டு எழுதுங்கள்.