குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "அரசியல் பேசக் கூடாது" என்று விதி போடுவது சரியா?

சினிமா, பிறந்தநாள் வாழ்த்து, சமையல் குறிப்பு எல்லாம் போடலாம், அரசியல் மட்டும் கூடாது என்று உங்கள் குடும்பக் குழுவின் அட்மின் சொல்லிவிட்டதாகக் கேட்டிருக்கிறீர்கள். தேர்தல் நேரத்தில் உங்கள் சித்தப்பாவும் மைத்துனரும் மோதிக்கொண்டதுதான் காரணம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். என் பதில்: சரியில்லை. சண்டையை நிறுத்த வேண்டும் என்ற அட்மினின் நல்லெண்ணம் புரிகிறது. ஆனால் தமிழ்நாட்டுக் குடும்பம் ஒன்று அரசியலைப் பேசாமல் ஒதுக்கினால், தன் வீட்டுக் கதையில் பாதியை ஒதுக்கிவிடும்.

முதலில், சினிமாவை அனுமதித்துவிட்டு அரசியலைத் தடுக்க நம் மாநிலத்தில் வழியே இல்லை. அண்ணா நாடகமும் திரைக்கதையும் எழுதியவர். கலைஞர் வசனகர்த்தா. எம்.ஜி.ஆர்., அவர் மறைவுக்குப் பின் 1988 ஜனவரியில் சில வாரங்கள் முதல்வராக இருந்த ஜானகி, பிறகு ஜெயலலிதா என மூவரும் திரையில் நடித்தவர்கள். பாட்டி ஒரு பழைய எம்.ஜி.ஆர். பாட்டைக் குழுவில் போட்டால் அது சினிமாவா, அரசியலா? எங்கள் பாட்டிக்கு அப்படி இரண்டாகப் பிரிக்கவே தெரியாது. 1984 தேர்தலின்போது எம்.ஜி.ஆர். நியூயார்க்கில் புரூக்ளின் மருத்துவமனையில் இருந்தார். அவர் அங்கே இருக்கும் காட்சிகளை வீடியோ கேசட்டில் ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் பாட்டி ஓட்டுப் போட்டார். அது ரசிகையாகப் போட்ட ஓட்டா, குடிமகளாகப் போட்ட ஓட்டா என்று கேட்டால், "ரெண்டும்தான். பிள்ளைங்களுக்குச் சோறு போட்டாருல்ல" என்பார்.

அந்தச் சோற்றைப் பற்றித்தான் எங்கள் குழுவில் மிக நீண்ட சண்டை நடந்தது. 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கிய செய்தியை மாமா போட்டார். "சோறு போட்டது எங்க தலைவர், இவங்க புதுசா என்ன பண்ணிட்டாங்க" என்று பாட்டி பக்கத்திலிருந்து குரல் பதிவு வந்தது. "காமராஜரை மறந்துட்டீங்களே" என்றார் பெரியப்பா. அடுத்த இரண்டு நாளும் அதே பேச்சு. அட்மின் விதி இருந்திருந்தால் மாமாவின் முதல் செய்தியோடு எல்லாம் முடிந்திருக்கும். விதி இல்லாததால் ஒவ்வொருவரும் தான் சொன்னதை நிரூபிக்கத் தேடினார்கள். சென்னையில் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் 1920-லேயே நீதிக்கட்சிக்காரர்கள் மதிய உணவு கொடுத்திருக்கிறார்கள் என்று என் தம்பி கண்டுபிடித்துப் போட்டான். காமராஜர் 1956-ல் மாநிலம் முழுக்கக் கொண்டுபோனார். 1982-ல் திருச்சிப் பக்கம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரிவுபடுத்தித் தொடங்கிவைத்தார். 1989-ல் கலைஞர் ஆட்சியில் முட்டை சேர்ந்தது. ஜெயலலிதா காலத்தில் கலவை சாதம் வந்தது.

அதுவரை வாயே திறக்காத சித்தி அப்போதுதான் பேசினார். அவர் சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முட்டை போடும் நாளில் எத்தனை பிள்ளைகள் கூடுதலாக வருவார்கள், அரிசி வர ஒரு நாள் தாமதமானால் ஆயாவும் அவரும் என்ன செய்வார்கள், எந்தப் பிள்ளை தன் முட்டையைத் தங்கைக்கு என்று பாவாடை மடிப்பில் வைத்துக்கொண்டு போகும் என்று வரிசையாகச் சொன்னார். தலைவர்களின் பெயரைச் சொல்லிச் சண்டை போட்டுக்கொண்டிருந்த எங்களுக்கு, அந்தத் திட்டத்தைத் தன் கையால் நடத்திய ஒருவர் நம் வீட்டிலேயே இருக்கிறார் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. நான் அரசியல் பேச்சு என்று சொல்வது இதைத்தான்.

இன்னொன்று இதைவிட முக்கியமானது. எங்கள் தாத்தாவுக்குப் பூர்வீகமாகக் கொஞ்சம் நிலம் இருந்தது. பெரியப்பா, அப்பா, இரண்டு அத்தைகள் என நான்கு பிள்ளைகள். பெரிய அத்தைக்கு 1986-லும் சின்ன அத்தைக்கு 1991-லும் கல்யாணம். இந்த இரண்டு கல்யாணங்களுக்கும் நடுவில் ஒரு சட்டம் வந்தது. பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெரியார் தீர்மானம் போட்டார். அதற்கு அறுபது ஆண்டு கழித்து, 1989-ல் கலைஞர் ஆட்சி இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்திப் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பங்கு உண்டு என்றது. ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு கோடு இருந்தது. 1989 மார்ச் 25-க்கு முன்னால் கல்யாணமாகிப் போன மகளுக்கு அது பொருந்தாது. அதாவது ஒரே அப்பாவுக்குப் பிறந்த சின்ன அத்தைக்கு உரிமை உண்டு, பெரிய அத்தைக்கு இல்லை.

எங்கள் வீட்டில் யாரும் இதைப் பற்றிப் பேசியதில்லை. நிலமும் பிரிக்கப்படாமலே கிடந்தது. 2005-ல் மத்திய அரசின் திருத்தம் வந்து அந்தக் கோட்டை அழித்தது. அதற்கு முன்பே இறந்துபோன அப்பாவின் மகளுக்கும் இது பொருந்துமா என்ற குழப்பம் மட்டும் நீதிமன்றங்களில் ஓடிக்கொண்டிருந்தது. 2020 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் அதைத் தீர்த்தது. மகளுக்கு உரிமை பிறப்பால் வருகிறது, 2005-ல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டது.

அந்தச் செய்தியைப் பெரிய அத்தையின் மகன் குழுவில் போட்டான். ஒரு வார்த்தையும் கூடச் சேர்க்காமல் செய்தியை மட்டும் போட்டான். யாரும் பதில் சொல்லவில்லை. கொரோனா காலம் என்பதால் எல்லோரும் வீட்டில்தான் இருந்தார்கள், எல்லோரும் பார்த்தும்விட்டார்கள். மறுநாள் சின்ன அத்தைதான் ஆரம்பித்தார். "அக்காவுக்கு இல்லாதது எனக்கு மட்டும் எப்படின்னு நான் அப்பவே யோசிச்சிருக்கேன். யாருகிட்ட கேக்கறதுன்னு தெரியல" என்று எழுதினார். அதற்குப் பிறகு பெரிய அத்தை ஒரு குரல் பதிவு போட்டார். "எண்பத்தொம்பதுல அந்தச் சேதி பேப்பர்ல வந்தப்ப எனக்குக் கைப்பிள்ளை. கல்யாணம் ஆனவளுக்குக் கெடையாதுன்னு போட்டிருந்துச்சு. படிச்சிட்டு மடிச்சு வெச்சிட்டேன். இவங்க அப்பாகிட்டகூடச் சொல்லல."

முப்பது வருடமாக அவர் மனத்தில் இருந்த இந்த விஷயம் ஒரு கல்யாண வீட்டிலோ பொங்கலிலோ வெளியே வந்ததே இல்லை. ஒரு நீதிமன்றத் தீர்ப்பின் செய்திதான் அதை வெளியே கொண்டுவந்தது. பெரியப்பாவுக்கு முதலில் கோபம் வந்தது, அதையும் மறைக்க வேண்டியதில்லை. "இதை இங்க போட்டுத்தான் பேசணுமா" என்று கேட்டார். பிறகு அவரும் அப்பாவும் வக்கீலைப் பார்த்தார்கள். நிலம் இப்போது நான்கு பாகமாகப் பத்திரம் பதிவாகிவிட்டது. (எல்லாக் குடும்பத்துக்கும் இது இப்படியே பொருந்தாது. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறையாகப் பதிவான பாகப்பிரிவினை இருந்தால் நிலைமை வேறு. உங்கள் வீட்டில் இப்படி ஏதும் இருந்தால் வக்கீலிடம் பத்திரங்களைக் காட்டிக் கேளுங்கள்.)

இப்போது சொல்லுங்கள், அந்தத் தீர்ப்பு அரசியல் செய்தியா, குடும்பச் செய்தியா? அட்மின் அதை அழித்திருந்தால் யாருக்கு நஷ்டம்?

பேசாதே என்ற விதி எல்லோரையும் சமமாகத் தடுப்பதாகத் தோன்றும். உண்மையில் சித்தப்பாவும் மைத்துனரும் டீக்கடையில் பேசிக்கொள்வார்கள், கட்சி அலுவலகத்தில் பேசிக்கொள்வார்கள், வேறு பத்துக் குழுக்களில் இருப்பார்கள். வீட்டுப் பெண்களுக்கு அப்படி வேறு இடம் குறைவு. 2021 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டில் ஆண் வாக்காளர்களைவிடப் பெண் வாக்காளர்கள் அதிகம். மகளிருக்குக் கட்டணமில்லாப் பேருந்து, மாதம் 1000 ரூபாய் உரிமைத்தொகை என்று ஆட்சியின் பெரிய முடிவுகள் அவர்கள் கையில் வந்து சேர்பவை. அவற்றைப் பற்றி என் அம்மா சொல்லும் கருத்து எந்த டிவி விவாதத்திலும் வராது. குடும்பக் குழுவிலும் வராவிட்டால் எங்கேதான் வரும்?

முன்பைவிட இப்போது இது அவசரம் என்று நான் நினைப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' காலத்தில் தெருவே ஒரு டிவி முன்னால் உட்கார்ந்தது. என்ன கட்சியாக இருந்தாலும் எல்லோரும் பார்த்தது ஒன்றே. 1993-ல் சன் டிவி வந்தது, 1999-ல் ஜெயா டிவி, 2007-ல் கலைஞர் டிவி. ஆளுக்கொரு சேனல் என்று ஆன பிறகும் டிவி நடுவீட்டில்தான் இருந்தது. எங்கள் பெரியப்பா ஒரே நாளின் செய்தியை இரண்டு கட்சிச் சேனலிலும் பார்ப்பார். இங்கே முதல் செய்தியாக வந்தது அங்கே வரவே வராது. அந்த இடைவெளியைக் காட்டித்தான் எங்களுக்குச் செய்தி பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். இன்று அவரவர் கையில் அவரவர் போன். சித்தப்பாவின் யூடியூபில் வருவது மைத்துனரின் கண்ணில் படாது. ஒருவர் நேற்று விரும்பிப் பார்த்ததைப் போலவே இன்னும் பத்தைக் கொண்டுவந்து காட்டும்படி அதை அமைத்திருக்கிறார்கள். ஒரே கூரைக்குக் கீழ் இருக்கும் இரண்டு பேர் ஒரே நாளில் இரண்டு வேறு தமிழ்நாட்டைப் பார்க்கிறார்கள். அதை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ள மிச்சம் இருக்கும் ஒரே இடத்தையும் மூடிவிட்டால், அடுத்த தேர்தலில் நேரில் சந்திக்கும்போது மோதல் இன்னும் பெரிதாக வரும்.

சண்டை வராதா என்றால் வரும். எங்கள் அனுபவத்தில் சண்டையைப் பெரிதாக்குவது கருத்து அல்ல, ஃபார்வர்டு. யாரோ எழுதியதை யாருக்கோ அனுப்பும்போது அதற்குப் பொறுப்பு எடுக்க ஆளில்லை. அதனால் எங்கள் குழுவில் ஃபார்வர்டு போடுபவர் அதன் கீழே தன் சொந்த வார்த்தையில் இரண்டு வரி எழுத வேண்டும். "இதை ஏன் போட்டீங்க சித்தப்பா?" என்று யார் வேண்டுமானாலும் கேட்கலாம், கேட்டால் சொல்ல வேண்டும். இது வந்த பிறகு பாதி ஃபார்வர்டுகள் தானாக நின்றுவிட்டன. மிச்சம் வருபவை நிஜமாகவே ஒருவர் மனத்தில் இருப்பவை. அடுத்ததாக, தலைவரைப் பற்றி வாதம் சூடாகும்போது யாராவது ஒருவர், "அவர் ஆட்சியில உங்களுக்கு என்ன நடந்துச்சு?" என்று கேட்பதை வழக்கமாக்கியிருக்கிறோம். பதில் பெரும்பாலும் வேலை, ரேஷன் கார்டு, கல்விக் கடன், பஸ் பாஸ் என்று வரும். அப்படி வரும்போது அந்த மனிதரின் வாழ்க்கை தெரிகிறது, அவருடைய ஓட்டும் புரிகிறது. ஒத்துக்கொள்ள வேண்டும் என்று இல்லை. என் மாமாவும் நானும் இதுவரை ஒரே கட்சிக்கு ஓட்டுப் போட்டதில்லை, இனியும் போடப் போவதில்லை.

யாரையும் "நீ யாருக்கு ஓட்டுப் போட்ட?" என்று கேட்பதில்லை. வாக்கு ரகசியம் கணவன் மனைவிக்கு நடுவிலும் ரகசியம்தான்.

சில விஷயங்களுக்கு விதி கட்டாயம் வேண்டும். யாருடைய சாதியையும் இழுக்கக் கூடாது. பெண் தலைவர்களின் உடலையும் நடத்தையையும் பற்றி ஒரு சொல் வரக் கூடாது. இறந்தவர்களைக் கேலி செய்யக் கூடாது. மருமகள், மாப்பிள்ளை வீட்டாரை "உங்க ஆளுங்க" என்று ஒரு கட்சியோடு சேர்த்துப் பேசக் கூடாது. இவற்றை மீறினால் தனியாக அழைத்துச் சொல்வது போதாது, அந்தக் குழுவிலேயே, அப்போதே, எல்லோரும் பார்க்கச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அந்தக் குழுவில் இருக்கிறார்கள். பெரியவர்கள் எதைக் கண்டும் காணாமல் விடுகிறார்கள் என்று அவர்கள் பார்த்துக்கொண்டேதான் இருப்பார்கள். எங்கள் குழுவில் இதைச் சொல்வது பெரிய அத்தை. அவர் சொன்னால் பெரியப்பாகூட மறுத்துப் பேசுவதில்லை. உங்கள் சித்தப்பாவும் மைத்துனரும் இரண்டு பேருமே மதிக்கும் ஒருவர் குடும்பத்தில் நிச்சயம் இருப்பார். அட்மினிடம் விதியை எடுக்கச் சொல்வதற்கு முன் அவரிடம் போய்ப் பேசுங்கள்.