50 வயதுக்கு மேல் நேபாளத்தின் கோசாய்குண்டம் போக முடியுமா, அந்த மலை ஏரியில் குளிக்க முடியுமா?

தாராளமாகப் போகலாம். நான் போனபோது எனக்கு 53. பயந்த மாதிரி முழங்கால் ஒன்றும் படுத்தவில்லை, படுத்தியது என் அவசரம்தான்.

காத்மாண்டுவிலிருந்து துஞ்சே வரை பஸ், அது ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரம். மறுநாள் நடந்து சந்தன்பாரி, 3,300. அதற்கு மறுநாளே 4,380 மீட்டரில் இருக்கும் ஏரிக்குப் போய்விடலாம் என்று நான் போட்ட கணக்கு, வழியில் லௌரிபினாவில் மண்டையைப் பிளக்கும் தலைவலியாக வந்து நின்றது. சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டல். விடுதி நடத்தும் அக்கா என் முகத்தைப் பார்த்ததுமே "லேக் லாக்யோ" என்றார். உயரம் தாக்கிவிட்டது என்று அர்த்தமாம். பூண்டு சூப் கொடுத்து, இன்றைக்கு இங்கேயே படு என்று சொல்லிவிட்டார். காலையில் தலை தெளிந்திருந்தது. சூப்பினால் அல்ல, மேலே ஏறாமல் நின்றதால்தான் என்பது என் எண்ணம். 3,000 மீட்டருக்கு மேல், இரவு தங்கும் உயரத்தை நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பார்கள். நடை தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ யோசிக்கவே வேண்டாம், உடனே கீழே இறங்கிவிடுங்கள். மாத்திரை பற்றி ஊரிலேயே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆவணி அவிட்டப் பௌர்ணமியன்று அங்கே ஜனை பூர்ணிமா, அவர்களுக்கும் அன்றுதான் பூணூல் மாற்றும் நாள். ஆயிரக்கணக்கில் கூட்டம் வரும், ஆனால் மழைக்காலம், கீழ்க்காட்டில் அட்டை வேறு, கூட்டத்தோடு கூட்டமாக வேகமாக ஏறித்தான் பலருக்கும் உயரம் தாக்குகிறது. அக்டோபர் நல்ல மாதம், வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும்.

ஆலகாலம் குடித்த கதையில் நம் ஊரில் பார்வதி கழுத்தைப் பிடித்ததோடு விஷயம் முடிந்துவிடும், அப்புறம் பிரதோஷம்தான். இங்கே கதை இன்னும் நீள்கிறது. தொண்டை எரிச்சல் தாங்காமல் சிவன் இந்த மலைக்கு வந்து சூலத்தால் குத்த, பீறிட்ட தண்ணீர்தான் ஏரியாம். தண்ணீருக்குள் தெரியும் பாறையைக் காட்டி, அதோ படுத்திருக்கிறார் என்பார்கள். எனக்குப் பாறைதான் தெரிந்தது.

குளியலா? கையை விட்டதுமே விரல் மரத்துப்போய் ஜாக்கெட் ஜிப்பைக்கூடப் போட முடியவில்லை, மூன்று தரம் தலையில் தெளித்துக்கொண்டதோடு சரி. பக்கத்தில் ஒரு பாட்டி மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கி எழுந்து, என்னைப் பார்த்துச் சிரித்தார்.