அடுத்த மாதம் நாற்பது எலி வேண்டுமா?

வாசகர் கேள்வி பதில். கொழும்பில் முப்பது வருடத்துக்கு மேல் ஆய்வுக்கூட எலிகளைப் பராமரித்து ஓய்வுபெற்ற ஒருவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: முதுமாணி ஆய்வு செய்கிறேன். எதிக்ஸ் கமிட்டி அனுமதி கிடைத்து மூன்று வாரமாகிறது. ஆனாலும் ஆய்வு எலிகளை வளர்க்கிற அனிமல் ஹவுஸுக்குள் விடுகிறார்கள் இல்லை. பயிற்சி முடித்தாயா, மருத்துவப் படிவம் எங்கே, வீட்டில் என்ன வளர்க்கிறாய் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அடுத்த மாதம் முதல் வாரம் எட்டு வார வயதில் 40 ஆண் சுண்டெலிகள் எனக்கு வேண்டும். அங்குள்ள பொறுப்பாளரிடம் சொன்னேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார். யாரிடம் முறைப்பாடு செய்வது?
ஆய்வு மாணவி, வெள்ளவத்தை

பதில்: முறைப்பாட்டை ஒரு பக்கம் வையுங்கள், மகள். நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன். ஏனென்று சொல்கிறேன்.

கணக்கைக் கடைசி நாளிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். உங்களுடையது ஆய்வுக்கூடங்களில் வழக்கமாக வளர்க்கிற சி57 என்ற கறுப்பு எலி வகை என்று வைப்போம். ஓர் ஈற்றில் ஆறேழு குட்டி தேறும். அதில் பாதி ஆண் என்றால் மூன்று. நாற்பதுக்கு பதின்மூன்று, பதினான்கு தாய்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஈன வேண்டும். ஆணோடு விட்ட எல்லாப் பெண்ணும் சினைப்படுவதில்லை. பெண்ணின் பிறப்புறுப்பில் காலையில் தெரிகிற அந்த வெள்ளை அடைப்பைப் பார்த்துவிட்டு மாணவர்கள் துள்ளுவார்கள். அது இரவில் இணைந்ததற்கு அடையாளம், அவ்வளவுதான். ஆகவே இருபது, இருபத்தைந்து பெண்ணாவது கையில் இருக்க வேண்டும். சினைக்காலம் 19 முதல் 21 நாள். அப்புறம் உங்களுடைய எட்டு வாரம். மொத்தம் பதினொரு வாரம். அடுத்த மாதத்து எலி இந்நேரம் பிறந்து, பால் மறந்து, தனிக்கூட்டில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

வயது ஒன்றாக இருக்கவும் வழி உண்டு. பெண்களை ஆண் வாசமே இல்லாமல் கூட்டமாக வைத்தால் அவற்றின் இனப்பெருக்கச் சுழற்சி மந்தமாகிவிடும். பிறகு ஓர் ஆணின் கூட்டிலிருந்து மூத்திரம் ஊறிய உமியில் ஒரு பிடி அள்ளிப் போடுங்கள். மூன்றாம் இரவு பெரும்பாலானவை இணையத் தயாராகிவிடும். விட்டன் என்ற ஆய்வாளர் 1956இல் எழுதிவைத்த சங்கதி இது. இணைக்கும்போது பெண்ணை ஆணின் கூட்டுக்குக் கொண்டுபோங்கள். மாற்றிச் செய்தால் ஆண் புது இடத்தை மோந்து மோந்தே இரவைக் கழித்துவிடும். இணைந்த பெண்ணுக்குப் பக்கத்தில் அந்நிய ஆண் வரவே கூடாது. முதல் சில நாட்களுக்குள் புது ஆணின் வாசம் பட்டால் கரு நிற்காமல் போகலாம். ஹில்டா புரூஸ் என்ற ஆய்வாளர் 1959இல் இதைக் கண்டுபிடிக்க முன்னரும் எலிகள் இப்படித்தான் இருந்திருக்கும், நாங்கள்தான் கவனிக்கவில்லை.

நான் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஏன் ஆண் மட்டும்? நாற்பது ஆண் பிறக்கும்போது கூடவே நாற்பது பெண்ணும் பிறக்கும். அவற்றை என்ன செய்வது? யாருக்கும் தேவையில்லை என்றால் கொல்ல வேண்டியதுதான், அதைச் செய்கிறவன் என்னைப் போன்ற ஒருவன். பெண் எலியின் சுழற்சியால் அளவீடு தாறுமாறாகும் என்று உங்கள் மேற்பார்வையாளர் சொல்லக்கூடும். கிட்டத்தட்ட முந்நூறு ஆய்வுக் கட்டுரைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு 2014இல் வந்தது. பெண்களின் அளவீடு ஆண்களைவிட அதிகம் சிதறுவதில்லை என்று அதில் கண்டார்கள். இருபது ஆண், இருபது பெண் என்று ஆய்வை மாற்ற முடியுமா என்று அவரிடம் கதைத்துப் பாருங்கள். முடிந்தால் எதிக்ஸ் கமிட்டிக்கு ஒரு திருத்தக் கடிதம் போதும், தாய்களின் எண்ணிக்கையும் பாதியாகும்.

இனி உள்ளே விடாத கதை. வீட்டில் என்ன வளர்க்கிறாய் என்று கேட்டது வம்புக்கல்ல. செல்ல எலியோ ஹாம்ஸ்டரோ வீட்டில் இருந்தால் அதன் கிருமி உங்கள் உடுப்பில் ஏறி உள்ளே போகும். ஒரு வைரஸ் புகுந்தால் மொத்தக் கூட்டத்தையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்க நேரும். மருத்துவப் படிவம் உங்கள் நன்மைக்கு. எலி மூத்திரத்தில் உள்ள ஒரு புரதம் சிலருக்குத் தும்மலில் தொடங்கி ஆஸ்துமா வரை கொண்டுபோகும். என்னோடு வேலை செய்த ஒரு தம்பி அதனாலேயே இடமாற்றம் கேட்டுப் போனான்.

பயிற்சி ஏன் என்பதற்கும் ஒரு கதை. என் காலத்தில் செல்வாக்குள்ள ஒருவர் மேலிடத்தில் சொல்லிச் சாவி வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை தனியாக உள்ளே போய், இடம் மிச்சப்படுத்துகிறேன் என்று இரண்டு கூட்டு ஆண்களை ஒன்றாகக் கொட்டிவிட்டு வந்தார். வளர்ந்த ஆண்கள் ஒன்றை ஒன்று ஏற்காது. திங்கள் காலை நான் கதவைத் திறந்தபோது முதுகும் வாலடியும் கடிபட்டுக் கிடந்தன, ஒன்று செத்தே போயிருந்தது. அவருடைய ஆய்வும் அதோடு மூன்று மாதம் பின்தள்ளிப் போனது.

ஆகவே திங்கட்கிழமை எட்டு மணிக்கே போய், கூடு மாற்றுகிறவரோடு ஒரு வாரம் நில்லுங்கள். உமி அள்ளுங்கள், தண்ணீர்ப் போத்தல் கழுவுங்கள். எலியை வாலில் தூக்காமல் குழாய்க்குள் ஏற விட்டோ இரு கைக்குள் ஏந்தியோ எடுக்கப் பழகுங்கள், அவை உங்களுக்குப் பயப்படுவது குறையும். சென்ட் பூசிக்கொண்டு போகாதீர்கள். ஒரு வாரம் போனால் கதவை அவர்களே திறந்துவிடுவார்கள்.

கேள்வி: எங்கள் ஆய்வுகூடத்தில் தாய் எலிகள் குட்டிகளைத் தின்கின்றன. நான் கை வைத்ததால்தான் என்று மேலே உள்ளவர் பேசுகிறார். என் பிழையா?
ஊழியர், கொழும்பு 8

பதில்: முழுப் பழியையும் உங்கள் கையில் போட முடியாது, தம்பி. செத்த குட்டியைத் தாய் தின்பது வழக்கம், மிச்சத்தைப் பார்க்கிற நாங்கள் கொன்றதாக நினைக்கிறோம். தலைச்சன் ஈற்றில் இழப்பு கூடவும் இருக்கும். ஆனாலும் ஈன்ற முதல் மூன்று நான்கு நாள் கூட்டை மாற்றாதீர்கள். கூடு கட்ட டிஷ்யூ தாள் கொடுங்கள். பக்கத்தில் கட்டட வேலை நடக்கிறதா? எங்கள் காதுக்கு எட்டாத சத்தமும் எலிக்குக் கேட்கும்.

சூட்டையும் பாருங்கள். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் மின்சாரம் நின்றதே, அப்போது எங்கள் ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. 24 பாகையில் இருக்க வேண்டிய அறை 32க்குப் போனது. யன்னலைத் திறந்தால் எறும்பு, மூடினால் புழுக்கம். அலுமாரிக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தி, ஐஸ் கட்டியைப் பேசினில் வைத்து, பழைய ‘வீரகேசரி’ பேப்பரால் விசிறிக்கொண்டு இருந்தோம். எலிகள் பிழைத்தன. ஆனால் அதன்பிறகு ஒன்றரை மாதம் ஈற்றெல்லாம் சிறுத்துவிட்டது. சூடு ஆணின் விந்தைக் கெடுக்கும், புது விந்து உருவாக அதற்கு ஐந்து வாரம் வேண்டும். அறைச் சுவரில் ஒரு வெப்பமானி மாட்டி, காலையும் மாலையும் எழுதிவையுங்கள். அடுத்த முறை அவர் பேசினால் அந்தக் கொப்பியை நீட்டுங்கள்.

கேள்வி: என் பலசரக்குக் கடையில் பொறியில் தினமும் எலி விழுகிறது. கம்பஸுக்கு விற்கலாமா?
வியாபாரி, கொட்டாஞ்சேனை

பதில்: விற்க முடியாது, முதலாளி. சுண்டெலி என்றால் இனம் ஒன்றுதான். ஆனால் ஆய்வுக்கூட எலி இருபது தலைமுறைக்கு மேல் கூடப்பிறந்ததோடேயே இணைத்து, ஒன்றுபோல் இன்னொன்றாக ஆக்கப்பட்டது. உங்கள் கடை எலியின் அப்பன் யார் என்று அதன் தாய்க்கே தெரியாது. அரிசி மூட்டையைத் தரையிலிருந்து ஒரு முழம் உயர்த்தி வையுங்கள்.