குறட்டைக்கு நடுவே மூச்சு நிற்பது ஆபத்தா?

கேள்வி: சங்ககிரியில் லாரி ஓட்டும் என் அப்பாவுக்குக் குறட்டைக்கு நடுவே மூச்சே நின்றுவிடுகிறது. பயப்பட வேண்டுமா?

குறட்டையை விட அந்த நிசப்தத்தைத்தான் கவனிக்க வேண்டும். சேலம் அம்மாபேட்டையில் என் மாமாவுக்கும் இதே கதை. கட்டில் அதிரும் குறட்டை திடீரென்று அறுந்துபோகும். நெஞ்சு ஏறி இறங்கும், காற்று உள்ளே போகாது. அத்தை தட்டி எழுப்பப் போவதற்குள் 'கர்ர்' என்று திணறி மூச்சை இழுப்பார். காலையில் கேட்டால், "நல்லாத்தானே தூங்கினேன்" என்பார்.

இதற்கு 'ஸ்லீப் ஆப்னியா' (தூக்கத்தில் மூச்சு நிற்கும் கோளாறு) என்று பெயர். தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து, நாக்கு பின்னால் சரிந்து மூச்சுவழியை அடைக்கிறது. ஆக்ஸிஜன் இறங்கியதும் மூளை அரைகுறையாக எழுப்பிவிடுகிறது. குறைந்தது 10 விநாடி மூச்சு நின்றாலோ வெகுவாகக் குறைந்தாலோ ஒரு தடவை என்று கணக்கு. மணிக்கு 5 தடவை வந்தாலே கோளாறுதான். 30 வந்துவிட்டால் கடுமையானது. ஒவ்வொரு தடவையும் இதயம் பதறி எழுகிறது. மாத்திரைக்கு அடங்காத ரத்த அழுத்தம், தாறுமாறான இதயத் துடிப்பு, பக்கவாதம் எல்லாவற்றுக்கும் இதில் தொடர்பு உண்டு. ஒல்லியானவர்களுக்கும் வரும்.

இரவுத் தூக்கம் இப்படித் துண்டு துண்டானால் பகலில் தூக்கம் சொக்கும்; அதனால் உங்கள் அப்பா விஷயத்தில் எனக்கு முதல் கவலை ஸ்டியரிங்தான். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் யாரும் விழிப்பாகவே இருப்பார்கள். நேரான நெடுஞ்சாலையில்தான் கண் சொக்கும்.

நுரையீரல் அல்லது காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்த் தூக்கப் பரிசோதனை கேளுங்கள். தேவைப்பட்டால் சிபாப் (CPAP) கருவி தருவார்கள்; முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பி, மூச்சுவழி அடைபடாமல் வைத்திருக்கும். 1981-இல் ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன் அறிமுகப்படுத்தியது. அதுவரை இரவில் மது வேண்டாம், ஒருக்களித்துப் படுக்கட்டும். அப்புறம், அந்தத் திணறலைப் போனில் பதிவு செய்து கொண்டுபோங்கள். மாமா அதைப் பார்த்த பிறகுதான் நம்பினார்.