பாத்தி தனி, தண்ணீர் பொது: தோட்டம் கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் லைன் வீடுகளுக்குப் பின்னால் 10 சென்ட் சும்மா கிடக்கிறது. பீகார், ஒடிசாவிலிருந்து எட்டுக் குடும்பங்கள் புதிதாகக் குடிவந்திருக்கின்றன. நாங்கள் நான்கு வீட்டுக்காரர்கள். எல்லோரும் சேர்ந்து காய்கறி போடலாமா?
- வாசகி, கஞ்சிக்கோடு (பாலக்காடு மாவட்டம், கேரளம்)

பதில்: தாராளமாகப் போடலாம். ஆனால் எல்லோருக்கும் ஒரே தோட்டம் என்று மட்டும் தொடங்காதீர்கள். களை எடுக்க இரண்டு பேர், காய் பறிக்கப் பன்னிரண்டு பேர் என்று ஆகிவிடும். வீட்டுக்கு ஒரு பாத்தி இருக்கட்டும். தண்ணீர், வேலி, எருக்குழி மூன்றும் பொதுவாக இருக்கட்டும்.

4 அடி அகலம், 20 அடி நீளத்தில் 12 பாத்தி போட்டால் 960 சதுர அடி. உங்களிடம் இருப்பது 4,356 சதுர அடி. பாத்திக்குப் பாத்தி 2 அடி வழி விட்டாலும் இடம் மிஞ்சும். வடக்கு ஓரத்தில் 6 அடி உயரப் பந்தல் போடுங்கள். மார்கழி, தை நிழல் வடக்கே விழும், பாத்திகள் மேல் விழாது. பாத்தியை 4 அடிக்கு மேல் அகலமாக்கினால் நடுச்செடிக்குக் கை எட்டாது. ஆட்கள் உள்ளே மிதிப்பார்கள், மண் இறுகிப்போகும்.

சீட்டுக் குலுக்கிப் பாத்தியைப் பிரியுங்கள். ஆனால் உள்ளூர்ப் பாத்தி நான்கும் அடுத்தடுத்து வந்தால் மறுபடி குலுக்குங்கள். புதிதாய் வந்த இரண்டு வீட்டுக்கு நடுவே ஓர் உள்ளூர் வீடு இருந்தால் குடத்துக்கும் மண்வெட்டிக்கும் பேசித்தான் ஆகவேண்டும். மொழி அப்படித்தான் வரும். அதற்கென்று கூட்டம் போட்டால் பெண்கள் வரமாட்டார்கள். இன்னொன்று, எந்த மாநிலத்துக்காரரையும் 'பங்காளி' என்று கூப்பிடும் வழக்கத்தை விடுங்கள். மலையாளப் பேச்சில் அது வங்காளியைக் குறிக்கும், ஆனால் அவர்கள் எல்லோரும் வங்காளிகள் அல்ல. தமிழிலோ பங்காளி என்றாலே வரப்புத் தகராறுதான் ஞாபகம் வரும்.

உங்கள் மண் செம்மண்ணாக இருந்தால் புளிப்பு இருக்கும். பாத்திக்கு அரை கிலோ நீற்றுச் சுண்ணாம்பு தூவிக் கொத்தி, இரண்டு வாரம் கழித்து 18 கிலோ மட்கிய சாணம் போடுங்கள். சுண்ணாம்பையும் சாணத்தையும் ஒரே நாளில் போட்டால் தழைச்சத்து ஆவியாகிப் போய்விடும். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் கரிசலில் சுண்ணாம்பு ஏற்கெனவே இருக்கிறது, அங்கே இது வேண்டாம். தொழிற்சாலைக் கழிவோ பழைய பேட்டரியோ கொட்டிய மூலை என்றால் கீரை போடவே கூடாது. ஈயம் இலையில் ஏறும்.

கத்தரியும் தக்காளியும் பச்சையாக இருக்கும்போதே ஒரே நாளில் துவண்டால் அது தண்ணீர்க் குறை அல்ல. தண்டை அடியில் வெட்டி, வெட்டுவாய் மூழ்கும்படி கண்ணாடி டம்ளர் தண்ணீரில் பிடியுங்கள். சில நிமிடத்தில் பால்நூல் போல் இறங்கினால் அது பாக்டீரியா வாடல். மருந்தடித்துப் பயனில்லை. செடியை வேரோடு பிடுங்கி எரியுங்கள், எருக்குழியில் போடாதீர்கள். கேரள வேளாண் பல்கலைக்கழக ரகங்களில் கத்தரிக்கு ஹரிதா, சூர்யா, தக்காளிக்கு அனகா, முக்தி, மிளகாய்க்கு உஜ்வலா ஆகியவை இந்நோயைத் தாங்கும். கிருஷிபவனில், அதாவது உள்ளூர் அரசு வேளாண் அலுவலகத்தில், கேளுங்கள்.

கேள்வி: இவ்வளவு பாடு எதற்கு? வாரம் ஒருமுறை ஆளுக்கு ஒரு பை காய்கறி கொடுத்தால் போதாதா?
- வாசகர், கோவிந்தாபுரம்

பதில்: ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் 1990களின் நடுவில், போருக்குத் தப்பி வந்த பாஸ்னியப் பெண்களிடம் எது இல்லாமல் தவிக்கிறீர்கள் என்று கேட்டபோது, 'எங்கள் தோட்டம்' என்றார்கள். அங்கே பல நாட்டுக் குடும்பங்கள் சேர்ந்து பயிரிடும் தோட்டங்கள் அதிலிருந்துதான் பிறந்தன. நீங்கள் பையில் கொடுப்பது உங்களுக்குப் பிடித்த காய். அவர்களுக்கு வேண்டியது நெனுவாவாக இருக்கலாம், அதாவது நம் நுரைப்பீர்க்கு. அல்லது லால் சாக், நம் செங்கீரை.

கேள்வி: பக்கத்து வீட்டு பீகார் அம்மா ஊரிலிருந்து பர்வல் என்ற வடநாட்டுக் கொடிக்காயின் விதை கொண்டுவந்து போட்டார். கொடி ஓடுகிறது, பூக்கிறது, ஒரு காயும் இல்லை. உரம் குறைவா?
- வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: உரம் காரணமில்லை. பர்வலில் ஆண்கொடி வேறு, பெண்கொடி வேறு. விதையில் வந்தால் பாதி ஆணாகவே போகும். பூவின் அடியைப் பாருங்கள்: குட்டிக் காய் போல் பருத்திருந்தால் பெண், வெறும் காம்பு என்றால் ஆண். எல்லாம் ஒரே இனமானால் காய் பிடிக்காது. பத்துப் பெண்கொடிக்கு ஓர் ஆண்கொடி போதும். விடிந்த கையோடு ஆண்பூவைக் கிள்ளி, பெண்பூவின் சூல்முடியில் மெல்லத் தடவுங்கள். வெயில் ஏறினால் பலிக்காது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது விதைக்குப் பதில் முற்றிய கொடித்துண்டு கொண்டுவரச் சொல்லுங்கள், ஆணையும் பெண்ணையும் தனித்தனியாகக் கட்டி. கரிசலில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும், மேடு கட்டித்தான் நட வேண்டும்.

கேள்வி: எங்கள் பொதுத்தோட்டத்தில் தண்ணீர்ச் சண்டை. போதாததற்கு தீபாவளி சமயத்தில் வடக்கத்திக் குடும்பங்கள் ஊருக்குப் போய்விடுகின்றன, பாத்தி காடாகிவிடுகிறது.
- வாசகர், வேலந்தாவளம்

பதில்: மார்கழியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மண்ணை உறிஞ்சிவிடும். 80 சதுர அடிப் பாத்திக்கு நாளுக்கு 15 லிட்டர்க் குடத்தில் மூன்று குடம் வேண்டும். 12 பாத்தி என்றால் 540 லிட்டர். 500 லிட்டர் தொட்டி வைத்தவர்கள் தினமும் சண்டை போடுவார்கள். 1,000 லிட்டர் வையுங்கள். குழாயில் ஹோஸ் மாட்டாதீர்கள், குடம்தான் கணக்கு. கிழக்கு ஓரத்தில் இரண்டு வரிசை அகத்தியை ஆடியிலேயே நட்டுவிடுங்கள், காற்று வருவதற்குள் ஆள் உயரம் வந்துவிடும்.

தீபாவளிக்கு ஆறாம் நாள் சட் பூஜை, அதற்குத்தான் பீகார்க்காரர்கள் போகிறார்கள். அதைக் குற்றமாகப் பார்க்காமல் பயிரைத் திருப்புங்கள். ஊருக்குப் போகுமுன் 30 நாளில் அறுக்கும் செங்கீரை மட்டும். பந்தல் பயிர், கத்தரி எல்லாம் திரும்பி வந்த பிறகு கார்த்திகையில். அவர்கள் இல்லாதபோது தண்ணீர் விடும் பக்கத்துப் பாத்திக்காரருக்கே அந்த நாட்களின் விளைச்சல். இதை எழுதி, எல்லோருக்கும் புரியும் மொழிகளில் தொட்டிமேல் ஒட்டுங்கள்.

கேள்வி: நிலம் கொடுக்க உடமஸ்தர் தயார், ஆனால் எழுதித்தர பயப்படுகிறார்.
- வாசகர், சித்தூர்

பதில்: பயம் நியாயமானது. கேரளத்தில் 1970 ஜனவரி 1 முதல் குத்தகை முறை ஒழிந்துவிட்டது, புதிதாகக் குத்தகை உண்டாக்கவும் சட்டம் இடம் தரவில்லை. அதனால் தாளில் 'குத்தகை', அதற்கான மலையாளச் சொல்லான 'பாட்டம்' ஆகிய சொற்களே வரக்கூடாது. 11 மாதத்துக்குப் பயிரிட அனுமதி, வாடகை இல்லை, கட்டடம் கட்டக்கூடாது, தென்னை மாதிரி நெடுங்காலப் பயிர் நடக்கூடாது என்று எழுதி, ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். கிணற்று மோட்டார் கரண்ட் பில் யார் பொறுப்பு என்பதையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள்.